சன்ஸ்கிரீனில் களிமண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கிரீம் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் சோப்பு செய்யும் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு நடக்கும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில்தான் ஒவ்வொருவராக வருவார்கள். பாதிக் கேள்விகள் முல்தானி மட்டியையும் வெயிலையும் பற்றியவை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா, களிமண்ணுன்னா எந்த மண்ணு? பூந்தொட்டி மண்ணா?

இல்லை. கிரீமில் சேரும் களிமண், பூமியிலிருந்து வெட்டி, கழுவி, சலித்து, சூடாக்கிச் சுத்தம் செய்த மிக நுண்ணிய பொடி. அதிகம் பயன்படுவது கயோலின், பென்டோனைட், ஹெக்டொரைட் ஆகிய மூன்றும்தான். மூன்றுக்குமே ஊர்ப் பெயர்தான் காரணம். கயோலின் சீனாவின் காவ்லிங் என்ற இடத்திலிருந்து வந்த பெயர். மற்ற இரண்டும் அமெரிக்காவின் ஃபோர்ட் பென்டனையும் ஹெக்டரையும் வைத்து வந்தவை. முல்தானி மட்டியும் அப்படித்தான், பாகிஸ்தானின் முல்தான் நகரத்து மண்.

நமக்கு இதெல்லாம் புதிதில்லை. பூசை அறையில் இருக்கும் நாமக்கட்டி வெள்ளைக் களிமண். கோலத்துக்குக் கரை கட்டும் காவிக்கல், இரும்பு ஆக்ஸைடு நிறைந்த செம்மண். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முல்தானி மட்டியைப் பூசிக்கிட்டு வெளிய போனா வெயில் தாக்காதுதானே?

தாக்கும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், படித்த திமிரில், முல்தானி மட்டியைப் பன்னீரில் குழைத்து முகத்திலும் கையிலும் கனமாகப் பூசிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டப் போனேன். இரண்டு மணி நேரம். காய்ந்த மண் முதலில் வெடித்தது, பிறகு வியர்வை அந்த வெடிப்புகளின் வழியே வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால் முன்னங்கையில் வரி வரியாகக் கருத்திருந்தது. என் அம்மா, "வரிக்குதிரை மாதிரி இருக்கே" என்றார். அந்த வரிகள் மறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

மண் ஒட்டியிருந்த இடம் கொஞ்சம் தப்பித்தது என்பது உண்மைதான். ஆனால் தோலில் சீரான, விரிசல் இல்லாத படலமாக நிற்காத எதுவும் வெயிலுக்கு ஆகாது. நம் ஊர் ஈரப்பதத்தில் குழைத்த மண் அப்படி நிற்கவே நிற்காது.

வெள்ளையா இருக்கே, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாதா?

நாமக்கட்டியை உரைத்து நெற்றியில் இட்டதும் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று தெரியாது. காய்ந்த பிறகுதான் வெண்மை எழும்பும். காரணம், ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1. களிமண்ணுக்கு ஏறத்தாழ 1.56. இந்த இடைவெளி பெரியது என்பதால் காய்ந்த மண் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது.

கிரீமில் களிமண்ணைச் சுற்றி இருப்பது எண்ணெய். எண்ணெய்க்கு 1.46 அளவில். இடைவெளி சுருங்கிவிட்டதால் ஒளி பெரிதாகச் சிதறாமல் நேரே போய்விடும். வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிறதே, அதே கதைதான். வியர்வை பட்டாலும் இதே நிலைமை.

அப்ப ஜிங்க் ஆக்ஸைடும் வெள்ளைப் பொடிதானே, அது மட்டும் எப்படித் தடுக்குது?

சன்ஸ்கிரீனில் வெயிலைத் தடுக்கச் சேர்க்கும் ஜிங்க் ஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2, அதே வேலைக்குச் சேரும் டைட்டானியம் டையாக்ஸைடுக்கு 2.5-க்கு மேல். எண்ணெய்க்குள் இருந்தாலும் இவை ஒளியைச் சிதறடிக்கும். ஆனால் உண்மையான வேலை வேறு: இவை இரண்டும் புறஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கின்றன. "கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும்" என்று விளம்பரங்களில் சொல்வார்கள். அளந்து பார்த்தவர்கள் கண்டது, திரும்பிப் போவது சுமார் 5 விழுக்காடு மட்டுமே. தடுக்கப்படுவதில் பெரும்பகுதி உறிஞ்சுவதால்தான்.

சுத்தமான வெள்ளைக் களிமண்ணுக்கு அந்த உறிஞ்சும் குணம் மிகக் குறைவு.

பிறகு எதுக்கு சன்ஸ்கிரீன் டப்பாவுல களிமண் பேரு போட்டிருக்கு? ஏமாத்தா?

ஏமாற்று இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் களிமண்ணின் நிஜமான திறமை இங்கேதான் இருக்கிறது. ஜிங்க் ஆக்ஸைடு தண்ணீரைவிட ஐந்தரை மடங்கு கனமானது. அதை எண்ணெயில் கலந்து வைத்தால் சில நாளில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே வெறும் எண்ணெய், அடியில் கல்மாதிரி கட்டி. ஆய்வுக்கூடத்தில் அப்படிக் கெட்டுப்போன எத்தனையோ மாதிரிகளை நான் கரண்டியால் சுரண்டி எறிந்திருக்கிறேன்.

பென்டோனைட்டும் ஹெக்டொரைட்டும் மிக மெல்லிய தகடுகளின் அடுக்குகள். நன்றாகக் கடைந்தால் தகடுகள் பிரிந்து, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் ஒட்டி, சீட்டுக்கட்டில் வீடு கட்டியது போல ஒரு கட்டமைப்பு உருவாகும். அந்த வீட்டின் அறைகளில் ஜிங்க் துகள்கள் மாட்டிக்கொண்டு மிதக்கும். விரலால் தேய்க்கும்போது வீடு சரிந்து கிரீம் இளகும், கையை எடுத்ததும் மறுபடி கட்டிக்கொள்ளும். அதனால் தோலில் பரவிய இடத்திலேயே நிற்கும், வழியாது. சாதாரண பென்டோனைட் தண்ணீரோடுதான் சேரும், எண்ணெயில் பிரியாது. அதற்காகவே தகடுகளுக்கு இடையில் இருக்கும் சோடியத்தை எடுத்துவிட்டு, எண்ணெயோடு ஒட்டும் ஒரு மூலக்கூறைப் புகுத்துவார்கள். லேபிளில் டைஸ்டியர்டைமோனியம் ஹெக்டொரைட் என்று நாக்கு சுளுக்கும் ஒரு பெயர் இருந்தால் அது இதுதான்.

கயோலினின் வேலை வேறு. அது முகத்து எண்ணெயை உறிஞ்சி, பளபளப்பைக் குறைக்கும். ஆக, வெயிலைத் தடுப்பவர் ஒருவர், அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இன்னொருவர்.

எஸ்பிஎஃப், பிஏ, பிளஸ் பிளஸ்... இதெல்லாம் என்னங்க?

எஸ்பிஎஃப் என்பது தோலைச் சிவக்கவைக்கும் கதிருக்கு, பெரும்பாலும் புறஊதா பி-க்கு, எதிரான எண். 15 என்றால் ஏறத்தாழ 93 விழுக்காடு தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. பிஏ என்பது ஜப்பானில் தொடங்கிய முறை. அது புறஊதா ஏ-வுக்கு, தோலைக் கருக்கவும் சுருக்கவும் செய்யும் கதிருக்கு. பிளஸ் கூடக்கூடத் தடுப்பு கூடும், நான்குதான் உச்சம்.

இந்த எண்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தவை. பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்குங்கள்.

சிங்கப்பூர்ல பாதி நாளு மேகமாத்தானே இருக்கு, தினமும் போடணுமா?

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூட வடக்கே இல்லை. நண்பகலில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம், உலக அளவுகோலில் அதுதான் உச்சப் பிரிவு. குறியீடு 3 ஆனாலே பாதுகாப்பு தேவை. தேசியச் சுற்றுப்புற வாரியம் காலை 7 முதல் மாலை 7 வரை மணிக்கு மணி இந்த எண்ணை வெளியிடுகிறது. மெல்லிய மேகம் வெப்பத்தை மறைக்கும் அளவுக்குப் புறஊதாவை மறைக்காது.

இன்னொன்று. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறத்தாழ 1 மணிக்கு. 1982 ஜனவரி 1-இல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து இந்த நிலைதான். அதனால் "பன்னிரண்டு மணி வெயில் தாண்டிடுச்சு" என்று சாப்பாட்டு இடைவேளையில் நடக்கப் போகிறவர்கள் சரியாக உச்சி வெயிலில்தான் போகிறார்கள்.

நாமதான் கறுப்பாச்சே. நமக்கு எதுக்கு இதெல்லாம்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கருமை தருகிற மெலனின் ஒரு பாதுகாப்புதான், மறுக்கவில்லை. மிகக் கருத்த தோலுக்கு அது ஏறத்தாழ எஸ்பிஎஃப் 13 அளவில் இருக்கும் என்று ஒரு பழைய அளவீடு உண்டு. நம்மில் பலர் மாநிறம், அந்த அளவு கிடைக்காது. நம் தோல் எளிதில் சிவந்து எரியாது, ஆனால் திட்டுத் திட்டாகக் கருக்கும். நாற்பது வயதுக்குப் பிறகு கன்னத்தில் வரும் மங்கு அதற்குச் சாட்சி.

சன்ஸ்கிரீன் போட்டா மூஞ்சி சாம்பல் பூசின மாதிரி ஆகுது. சிவப்புக் களிமண் கலந்தது வாங்கினா சரியாகுமா?

ஓரளவுக்குச் சரியாகும். இதில் செம்மண்ணுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. சாம்பல் நிறத்துக்குக் காரணம் ஜிங்க்கும் டைட்டானியமும் சிதறடிக்கும் வெளிச்சம். இரும்பு ஆக்ஸைடு அந்த வெண்மையை மாநிறத்தோடு இணக்கமாக்கிவிடும்.

மங்கு இருப்பவர்களுக்கு இன்னொரு லாபம். நம் போன்ற நிறத்தவருக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக நீல ஒளி, கருமையைக் கூட்டும். புறஊதாவை மட்டும் தடுக்கும் கிரீம் அதை விட்டுவிடும், இரும்பு ஆக்ஸைடு தடுக்கும். மங்குக்குத் தோல் மருத்துவர்கள் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனைச் சொல்வது அதனால்தான். ஆனால் நல்ல கிரீம்களில் சேர்வது செயற்கையாகத் தயாரித்த, சுத்தமான இரும்பு ஆக்ஸைடு. காவிக்கல்லை இழைத்துக் கலந்துகொள்ளாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவுல உடம்பெல்லாம் செம்மண் பூசிக்கிறாங்களே, அவங்களுக்கு வேலை செய்யுதே?

நமீபியாவின் ஹிம்பா பெண்களைச் சொல்கிறீர்கள். அவர்கள் காவிக்கல் பொடியை வெண்ணெய்க் கொழுப்பில் குழைத்து உடலெங்கும் பூசுவார்கள், ஒட்ஜிஸே என்று பெயர். அது கொஞ்சம் வெயிலைத் தடுக்கிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். இரும்பு அதிகமாகவும் துகள் நுண்ணியதாகவும் இருந்தால் தடுப்பு கூடுகிறது. களிமண்களை ஒப்பிட்ட மற்ற ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: தடுப்பது மண்ணுக்குள் இருக்கும் இரும்பு. முல்தானி மட்டியை விடக் காவிக்கல் மேல் என்பது இதனால்தான். ஆனால் அவர்கள் பூசும் கனத்தில் நீங்கள் எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாது.

பெனின்சுலா பிளாசா பக்கம் மியன்மார்ப் பெண்கள் கன்னத்தில் பூசியிருக்கும் தனாக்காவைப் பற்றியும் கேட்கிறார்கள். அது மண்ணே இல்லை, மரப்பட்டையைக் கல்லில் இழைத்தது.

தைப்பூசத்துக்கு விபூதி, சந்தனம் நிறையப் பூசுறோமே, அது போதாதா?

போதாது. முல்தானி மட்டிக்குச் சொன்னதுதான்: வியர்த்ததும் போய்விடும். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை சட்டையில்லாமல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடப்பவருக்குத் தோளும் முதுகும்தான் முதலில் அடிவாங்கும். கிளம்ப அரை மணிக்கு முன்னால் சன்ஸ்கிரீன் பூசி, அது படிந்த பிறகு விபூதி இட்டுக்கொள்ளுங்கள். அலகு குத்தும் இடத்தில் மட்டும் எந்தக் கிரீமும் வேண்டாம். இரவிலேயே பால்குடம் எடுத்துவிடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

அக்கா, நான் சைட்டுல வேலை செய்யிறேன். சன்ஸ்கிரீன் போட்டா வேர்த்து கண்ணுல எரியுது. மண்ணு கலந்தது எரியாதாமே?

தம்பி, கண் எரிவது பெரும்பாலும் ரசாயனத் தடுப்பான்கள், அதாவது ஜிங்க், டைட்டானியம் போன்ற பொடிகள் அல்லாதவை, வியர்வையோடு ஓடி இறங்குவதால். ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் போட்ட கிரீம் அவ்வளவாக எரியாது. அதில் களிமண்ணும் இருந்தால், மேலே சொன்ன சீட்டுக்கட்டு வீட்டினால், சீக்கிரம் ஓடாது. எரியாமல் இருப்பதற்கு மண் நேரடிக் காரணம் இல்லை, உதவியாள்தான்.

உங்கள் வேலைக்கு நான் கிரீமை இரண்டாவதாகத்தான் வைப்பேன். முழுக்கைச் சட்டை, தொப்பிக்குக் கீழே கழுத்தை மூடும் துணி, இவை முதலில். மூக்கு, கன்னம், காது மடல் மூன்றுக்கும் குச்சி வடிவில் வரும் ஜிங்க் கிரீம் நல்லது. சாப்பாட்டு நேரத்தில் முகம் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கயோலின்ல டைட்டானியம் இயற்கையாவே இருக்குன்னு என் மகள் சொல்றா. அப்ப நீங்க முதல்ல சொன்னது தப்பா?

மகள் நன்றாகப் படிக்கிறாள். பல கயோலின்களில் ஒன்று இரண்டு விழுக்காடு டைட்டானியம் டையாக்ஸைடு கலந்தே இருக்கும். கணக்குப் போடுங்கள்: கிரீமில் 5 விழுக்காடு கயோலின் சேர்த்தால், அதற்குள் இருக்கும் டைட்டானியம் அதிகபட்சம் 0.1 விழுக்காடு. சன்ஸ்கிரீன்களில் அதையே பல விழுக்காடு சேர்ப்பார்கள், விதிப்படி 25 வரை போகலாம். துகளின் அளவும் வேறு. சன்ஸ்கிரீனுக்கென்று அரைத்து, மேலே பூச்சுப் பூசிய டைட்டானியமும், மண்ணில் தானாகக் கிடக்கும் டைட்டானியமும் ஒன்றில்லை.

ஜிங்க் ஆக்ஸைடு பொடி ஆன்லைன்ல மலிவாக் கிடைக்குது. முல்தானி மட்டியோட சேர்த்து வீட்டுலயே செஞ்சா என்ன?

சோப்பு செய்யச் சொல்லிக்கொடுக்கும் நானே இதை மட்டும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஜிங்க் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகும். ஆலையில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் கடையும் இயந்திரத்தில்தான் அவை பிரியும், சமையலறை மிக்ஸியில் பிரியாது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் படலத்தில் கட்டி இருக்கும் இடம், ஓட்டை இருக்கும் இடம் என்று மாறி மாறி இருக்கும். என் முன்னங்கை வரிகள் நினைவிருக்கிறதல்லவா?

செய்ததற்கு எஸ்பிஎஃப் 10-ஆ 3-ஆ என்று வீட்டில் அளக்க வழியே இல்லை. பூசியிருக்கிறோம் என்ற தைரியத்தில் அதிக நேரம் வெயிலில் நிற்போம், அதுதான் ஆபத்து. பொடியைக் கொட்டும்போது பறக்கும் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. களிமண் பொடியில் மணல்சத்தான சிலிக்கா கலந்திருக்கலாம் என்பதால் ஆலையில் முகமூடி இல்லாமல் மூட்டையைப் பிரிக்கவே விடமாட்டார்கள்.

சரி, கடையில வாங்கின சன்ஸ்கிரீன்ல கொஞ்சம் முல்தானி மட்டி கலந்துக்கலாமா? எண்ணெய் வடியாதுல்ல?

வேண்டாம். அது முகத்து எண்ணெயை மட்டுமா உறிஞ்சும்? கிரீமின் படலத்தைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெயையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். கிரீமில் போட்டிருக்கும் கெட்டுப்போகாமல் காக்கும் பொருளையும் இழுத்துக்கொள்ளும். டப்பாவில் போட்ட எண்ணுக்கு அதற்குப் பிறகு அர்த்தம் கிடையாது. எண்ணெய் வழியும் முகம் என்றால் கயோலின் சேர்த்தே தயாரித்ததை வாங்குங்கள்.

இயற்கையான மண்ணுதானே, என்ன கெடுதல் வந்துடப் போகுது?

மண் இயற்கை என்றால் அதிலுள்ள ஈயமும் ஆர்செனிக்கும் இயற்கைதான். எந்த இடத்தில் வெட்டினார்களோ அங்கே இருந்ததெல்லாம் வரும். ஆசியான் நாடுகளின் அழகுப்பொருள் விதிப்படி ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கையும், ஆர்செனிக் 5 பங்கையும், பாதரசம் 1 பங்கையும் தாண்டக்கூடாது. சோதித்துச் சான்றிதழோடு வரும் பொடியை நம்பலாம். ஊரிலிருந்து யாரோ பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த காவிக்கல்லை யார் சோதித்தார்கள்?

இரண்டாவது, கிருமி. மண்ணில் டெட்டனஸ் வித்துகள் இருக்கலாம், பரு உடைந்த முகத்தில் சோதிக்காத மண்ணைப் பூசுவது சரியில்லை. குழைத்து மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் பூசுவதும் வேண்டாம்.

நான் செஞ்சு தோழிகளுக்கு விக்கலாம்னு இருக்கேன். சின்ன அளவுதான்.

சிறிய அளவு என்று விதி பார்க்காது. இங்கே சன்ஸ்கிரீன் அழகுப்பொருள் வகையில் வருகிறது. விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும், தயாரிப்பு விவரக் கோப்பு வைத்திருக்க வேண்டும். ஆசியான் விதியில் அனுமதிக்கப்பட்ட புறஊதாத் தடுப்பான்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டையாக்ஸைடும் அதில் இருக்கின்றன, களிமண் இல்லை. களிமண்ணை மட்டும் போட்டு "எஸ்பிஎஃப் 30" என்று எழுத முடியாது. முகத்துக்குப் பூசிக் கழுவும் களிமண் பூச்சு விற்பதானாலும் அறிவிப்பு வேண்டும், ஆனால் அது எவ்வளவோ எளிது. விருப்பமிருந்தால் அதில் தொடங்குங்கள்.

கைக்குழந்தைக்குப் போடலாமா?

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மண்ணும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். நிழல், தொப்பி, மெல்லிய துணி போதும். அதற்கு மேல் ஜிங்க் ஆக்ஸைடு கிரீம் போடலாம், தெளிக்கும் வகை வேண்டாம்.

வீட்டுல ரெண்டு கிலோ முல்தானி மட்டி இருக்கு. இப்ப அதை என்ன பண்ண?

ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் போட்ட சன்ஸ்கிரீனைக் கழுவிய பிறகு, வாரம் ஒரு முறை, எண்ணெய் வழியும் முகத்துக்குப் பூசினால் நன்றாகவே வேலை செய்யும். முழுக்கக் காய்ந்து வெடிக்கும்வரை விடாமல், ஓரம் வெளுக்கத் தொடங்கியதும் கழுவிவிடுங்கள். வறண்ட தோல்காரர்கள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

கழுவும்போது முதலில் ஈரத் தாளால் வழித்துக் குப்பையில் போடுங்கள். மொத்தத்தையும் முகம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் வளைந்த குழாயில் போய் ஊறி உட்கார்ந்துவிடும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அதை எடுக்கக் குழாய்க்காரர் எண்பது வெள்ளி வாங்கினார்.